கணினி படிக்காத வரிகள்: நிரலாளர்கள் குறிப்பு எழுதுவது யாருக்காக?

பேரங்காடியில் பொருள் வாங்கியதும் ரசீதின் அடியில் ஒரு சிறு வரியைப் பார்த்திருப்போம். மொத்தம் 12 ரிங்கிட் 43 சென் என்றால் 2 சென் கூட்டி 12 ரிங்கிட் 45 சென் ஆக்கியிருப்பார்கள். 12 ரிங்கிட் 42 சென் என்றால் 2 சென் குறைத்து 12 ரிங்கிட் 40 சென். 1 சென் நாணயம் வெளியிடுவதை நிறுத்தியபோது பேங்க் நெகாரா கொண்டுவந்த நடைமுறை இது. 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போடுவது கல்லாவில் இருக்கும் கணினி. அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரோ ஒரு நிரலாளர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 5 சென்னுக்குச் சரிக்கட்டுவது மொத்தத் தொகையில்தான். ஒவ்வொரு பொருளின் விலையிலும் செய்யக்கூடாது. 1 ரிங்கிட் 2 சென் விலையில் மூன்று பொருள் வாங்கினால் மொத்தம் 3 ரிங்கிட் 6 சென். அது 3 ரிங்கிட் 5 சென் ஆகும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிக்கட்டினால் 3 ரிங்கிட்டோடு நின்றுவிடும். 5 சென் வித்தியாசம். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் இப்படி வாங்கினால் கடைக்கு 50 ரிங்கிட் நஷ்டம். மாதத்திற்கு 1,500 ரிங்கிட்.

பத்து ஆண்டு கழித்து அந்த நிரலைத் திருத்த ஒரு புதிய பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிரல் என்ன செய்கிறது என்பது பையனுக்குப் படித்தாலே தெரிகிறது. ஏன் கடைசியில் மட்டும் செய்கிறது என்பது தெரியவில்லை. ‘ஒவ்வொரு வரியிலும் செய்தால் ரசீது பார்க்க ஒழுங்காக இருக்குமே’ என்று நினைத்து மாற்றிவிடுகிறான். கணினி எந்தத் தடையும் சொல்லாது. கொடுத்த கட்டளையைச் செய்துகொண்டே இருக்கும்.

பழைய நிரலாளர் இரண்டே வரி எழுதி வைத்திருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது. அந்த இரண்டு வரிக்குத்தான் நிரலாளர்கள் ‘கமெண்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் குறிப்பு என்று சொல்லலாம்.

கணினி தாண்டிப் போகும் வரி

கணினி நிரல் என்பது வரி வரியாக எழுதப்பட்ட கட்டளைகள். நிரலாளர் அதற்கு நடுவே தம் மொழியில் எதையாவது எழுத விரும்பினால், ‘இது உனக்கல்ல’ என்று கணினிக்கு ஓர் அடையாளம் காட்ட வேண்டும். பைத்தான் மொழியில் # குறி போட்டால் அந்த வரியில் அதற்குப் பிறகு உள்ளதைக் கணினி பொருட்படுத்தாது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் // என்று இரண்டு சாய்கோடு. பல வரி எழுதுவதென்றால் /* என்று தொடங்கி */ என்று முடிக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் கணினி மொழிகளின் அளவுக்கே பழையது. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் எழுதினார்கள். அட்டையின் முதல் கட்டத்தில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது குறிப்பு அட்டை. கணினி அதைத் தாண்டிப் போய்விடும். 1980-களில் பள்ளியிலோ டியூஷன் மையத்திலோ பேசிக் மொழி படித்தவர்களுக்கு ‘ரெம்’ என்ற சொல் நினைவிருக்கும். ‘ரிமார்க்’ என்பதன் சுருக்கம் அது.

ஆக, ஒரு நிரலுக்கு வாசகர்கள் இரண்டு பேர். ஒருவர் கணினி, கட்டளை மட்டும் போதும் அதற்கு. மற்றவர் மனிதர், அந்த நிரலை நாளைக்கு எடுத்துத் திருத்தப் போகிறவர். குறிப்பு முழுக்க முழுக்க இரண்டாமவருக்காக எழுதப்படுவது.

நம் ஆலயக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தேதி, விவரம், வரவு, செலவு என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். ‘செலவு 300 ரிங்கிட், பந்தல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கூட்டல் கழித்தல் சரியாகத்தான் வரும். ஆனால் ‘இதில் 200 ரிங்கிட் வைப்புத்தொகை, திருவிழா முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும்’ என்று குறிப்பு இருந்தால்தான் அடுத்த பொருளாளர் போய்க் கேட்பார். இல்லையென்றால் அந்த 200 ரிங்கிட் போனதுதான். கணக்கு சரியாக இருந்தும் பணம் கைவிட்டுப் போகும். நிரலிலும் இதேதான் நடக்கிறது.

ஒரே 6, இரண்டு கதை

நம் நாட்டு வரியை வைத்தே இதைப் பார்க்கலாம். 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. 6 விழுக்காடாக அறிமுகமானது. 2018 ஜூன் 1 முதல் அது சுழியம் விழுக்காடு ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி எஸ்.எஸ்.டி. எனப்படும் விற்பனை, சேவை வரி திரும்ப வந்தது. அதில் சேவை வரி 6 விழுக்காடு. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம் முதலிய சில சேவைகளுக்கு 6 விழுக்காடே தொடர்ந்தது.

இப்போது ஒரு தங்கும் விடுதியின் கணக்கு நிரலை நினைத்துக்கொள்ளுங்கள். அறை வாடகைக் கணக்கில் ஓரிடத்தில் 0.06 என்று இருக்கிறது. விடுதியின் உணவகக் கணக்கில் இன்னோரிடத்திலும் 0.06 என்று இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே எண். 2024 பிப்ரவரியில் ‘சேவை வரி 8 ஆகிறது, மாற்றிவிடு’ என்று சொன்னால், நிரலாளர் என்ன செய்வார்? எங்கெல்லாம் 0.06 இருக்கிறதோ அங்கெல்லாம் 0.08 என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டால், சாப்பிட வந்தவரிடம் 2 விழுக்காடு அதிகமாக வசூலிக்கிறோம் என்று அர்த்தம். 50 ரிங்கிட் சாப்பாட்டுக்கு 1 ரிங்கிட்.

காரணம் சொல்லாமல் தன்னந்தனியே நிற்கும் இப்படிப்பட்ட எண்ணை நிரலாளர்கள் கிண்டலாக ‘மந்திர எண்’ என்பார்கள். எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எப்போது மாறும் என்று எதுவும் தெரியாது. தொழில் தெரிந்தவர்கள் இதை இரண்டு படியில் சரிசெய்கிறார்கள்.

முதல் படி, எண்ணுக்குப் பெயர் வைப்பது. புரிவதற்காகத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறோம்:

அறை_சேவை_வரி = 0.08
உணவக_சேவை_வரி = 0.06

இரண்டாவது படி, காரணத்தை எழுதுவது:

# 1.3.2024 முதல் சேவை வரி 8%. உணவு, பானத்திற்கு 6% தொடர்கிறது.
# இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். அதற்கு முந்தைய ரசீதுகளுக்குப் பழைய விகிதம்.

பெயர் வைத்ததால் எண் எதற்கு என்பது தெரிந்துவிட்டது. அதற்குக் குறிப்பு தேவையில்லை. ஆனால் இரண்டும் ஏன் வேறு வேறு, ஏன் ஒன்றாக்கக் கூடாது என்பதைப் பெயர் சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் குறிப்பு.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் இது புதிதல்ல. அங்கே ஜி.எஸ்.டி. 2023 ஜனவரி 1-ஆம் தேதி 7-இலிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1-ஆம் தேதி 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. டிசம்பரில் வாங்கிய பொருளை ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால் எந்த விகிதத்தில் பணம் திரும்பத் தருவது? அந்த முடிவை எடுத்தவர் காரணத்தையும் எழுதிவைத்திருந்தால், அடுத்தவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதில்லை.

எழுதப்படாத காரணம், விழுந்த ராக்கெட்

கடைக் கணக்கில் போவது சென்னும் ரிங்கிட்டும். வேறு இடங்களில் போவது அதைவிடப் பெரிது.

1996 ஜூன் 4-ஆம் தேதி தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. 40 விநாடிக்குள் திசை மாறி, வானிலேயே வெடித்துச் சிதறியது. அதிலிருந்த நான்கு ஆய்வுத் துணைக்கோள்களும் அழிந்தன. ராக்கெட்டில் ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை.

கோளாறு எங்கே? ராக்கெட்டின் திசையைக் கணக்கிடும் கருவியின் நிரல், முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. அதில் ஓரிடத்தில் ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் அடைக்க வேண்டியிருந்தது. அந்த இடம் 32,767 வரைதான் கொள்ளும். எண் அதைத் தாண்டினால் என்ன செய்வது என்று பாதுகாப்பு வைத்திருக்கலாம். ஏழு எண்களில் நான்கிற்கு அப்படிப் பாதுகாப்பு வைத்தார்கள், மூன்றிற்கு வைக்கவில்லை. கணினியின் வேலைப்பளுவைக் குறைக்க வேண்டியிருந்தது. அந்த மூன்றும் எல்லை தாண்டாது என்றும் கணித்திருந்தார்கள். ஏரியான் 4-ஐப் பொறுத்தவரை அந்தக் கணிப்பு சரி. ஏரியான் 5 தொடக்கத்திலேயே பக்கவாட்டில் மிக வேகமாகச் செல்லும் ராக்கெட். எண் எல்லையைத் தாண்டியது. கருவி நின்றுபோனது. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல். அதுவும் அதே காரணத்தால் நின்றது.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் நம் விஷயத்திற்குத் தொடர்பான ஒரு செய்தி இருக்கிறது. மூன்று எண்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்பது தெரிந்தே, பல தரப்பும் கலந்து எடுத்த முடிவு. ஆனால் அதற்கான காரணம் நிரலுக்குள் நேரடியாக எங்கும் குறிக்கப்படவில்லை. ஆவணங்கள் மலைபோல் குவிந்திருந்ததில், யாரும் வேண்டுமென்று மறைக்காமலேயே அது பார்வையிலிருந்து மறைந்துவிட்டது.

ஒரு குறிப்பு இல்லாததால்தான் ராக்கெட் விழுந்தது என்று சொல்வது சரியாகாது. ஏரியான் 5-இன் உண்மையான பாதையை வைத்து அந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதும் பெரிய குறை. ஆனாலும், ‘இது ஏரியான் 4-இன் வேகத்தை நம்பி எழுதப்பட்டது, ராக்கெட் மாறினால் மறுபடி பார்க்கவும்’ என்று அந்த வரியின் தலைமேல் எழுதியிருந்தால், நிரலைத் திறந்து பார்த்தவர் எவரும் ஒரு கணம் நின்றிருப்பார்.

தவறான குறிப்பு செய்த வேலை

குறிப்பு இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. டெபியன் என்பது உலகம் முழுவதும் சர்வர் கணினிகளில் பயன்படும் லினக்ஸ் வகைகளில் ஒன்று. அதில் இணையப் பாதுகாப்புக்கு ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்ற மென்பொருள் பயன்படுகிறது. கணினிகள் ஒன்றோடொன்று ரகசியமாகப் பேசுவதற்கான சாவிகளை அது உருவாக்கும். யாராலும் ஊகிக்க முடியாதபடி தாறுமாறான எண்களைக் கொண்டு செய்தால்தான் அது நல்ல சாவி.

2006-இல் டெபியனில் இதைப் பராமரித்தவர், பிழை கண்டுபிடிக்கும் கருவி ஒன்று இரண்டு வரிகளைப் பற்றி எச்சரிப்பதைக் கவனித்தார். மதிப்பு ஏற்றப்படாத இடத்திலிருந்து தரவை எடுக்கிறது என்பது எச்சரிக்கை. அவர் அந்த மென்பொருளை உருவாக்குபவர்களிடம் கேட்டும் பார்த்தார். பிறகு அந்த இரண்டு வரிகளையும் குறிப்புக் குறிகளுக்குள் அடைத்து, கணினி அவற்றைப் படிக்காதபடி செய்தார். மதிப்பு ஏற்றப்படாத தரவைச் சேர்க்க வேண்டாம் என்ற பொருளில் பக்கத்தில் குறிப்பும் எழுதினார்.

அந்த இரண்டில் ஒரு வரிதான் தாறுமாறான எண்களையெல்லாம் உள்ளே கொண்டுவரும் வாசல். வேலை எப்படி நடக்கிறது என்ற விளக்கம் நிரலில் சற்று மேலே இருந்தது. ஆனால் இந்த வரியை எடுத்தால் பாதுகாப்பே போய்விடும் என்ற எச்சரிக்கை வரியின் பக்கத்திலேயே இல்லை. வாசல் அடைபட்டதும், ஒரே வகை, ஒரே அளவுச் சாவிகளில் சுமார் 32 ஆயிரம் மட்டுமே உருவாக முடியும் என்ற நிலை வந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே ஒருவர் திறந்துவிடலாம். 2008 மே 13-ஆம் தேதி இது வெளியே தெரியும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் பாதிக்கப்பட்டது. அக்காலத்தில் உருவாக்கிய சாவிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னார்கள்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஆபத்தான வரிக்கு எச்சரிக்கை அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பத்து வரிக்கு மேலே இருந்தால் அவசரத்தில் கண்ணில் படாது. அடுத்து, தவறான குறிப்பைப் படிப்பவர் அதை நம்பிவிடுவார். பைத்தான் மொழிக்கான எழுத்து நடை விதிகளும் இதைச் சொல்கின்றன: நிரலோடு முரண்படும் குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம்.

மனிதர் எழுதியது என்பதற்கு அடையாளம்

குறிப்புகள் எல்லாமே விறைப்பாக இருப்பதில்லை. 1969-இல் மனிதனை நிலவில் இறக்கிய அப்போலோ 11 கலத்தின் நிரல் இன்று இணையத்தில் யாரும் படிக்கலாம். நிலவில் இறங்கும் பகுதியில் இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில், இது தற்காலிகமானது என்றும் அப்படித்தான் இருக்கும் என நம்புவதாகவும், ‘நம்புகிறேன்’ என்பதை மூன்று முறை அடுக்கி எழுதியிருக்கிறார் ஒருவர். அந்தத் ‘தற்காலிக’ வரிகளோடுதான் கலம் நிலவுக்குப் போய் வந்தது.

1975-இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், கணினி ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தாவும் சிக்கலான இடத்தில், இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. மாணவர்களை மட்டம் தட்டுவதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பிறகு விளக்கம் தந்தார். இது தேர்வில் வராது என்பதுபோன்ற நல்லெண்ணத்தில் எழுதியது என்றார். உண்மையில் தங்களுக்கே அது முழுதாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பெரிய மேதைகள் எழுதிய நிரலிலும் புரியாத மூலை இருக்கும். அதை மறைக்காமல் எழுதி வைத்தால் அடுத்தவர் அங்கே கவனமாகக் கால் வைப்பார்.

எப்படி எழுதுவது?

இடைநிலைப்பள்ளியில் கணினி பாடம் எடுத்திருக்கும் பிள்ளைகளும், பாலிடெக்னிக், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளும் குறிப்பு எழுதுவதை மதிப்பெண்ணுக்கான சடங்காக நினைப்பதுண்டு. நிரலை முடித்துவிட்டு, ஆசிரியர் கேட்பார் என்பதற்காக வரிக்கு வரி ஏதாவது எழுதுவார்கள். இப்படி:

# மொத்தத்தோடு 1 கூட்டுகிறோம்
மொத்தம் = மொத்தம் + 1

இதனால் யாருக்கும் பயனில்லை. கூட்டுகிறோம் என்பது கட்டளையிலேயே தெரிகிறது. வேலை செய்யும் இடத்தில் எதிர்பார்க்கும் குறிப்பு இப்படி இருக்கும்:

# வாடிக்கையாளருக்கு முதல் நாளும் கணக்கில் சேரும். அதனால் 1 கூட்ட வேண்டும்.
நாள்கள் = முடிவு_தேதி - தொடக்க_தேதி + 1

1 ஏன் வந்தது என்பது இப்போது தெரிகிறது. நாளை யாரும் அதைப் பிழை என்று நினைத்து எடுத்துவிட மாட்டார்கள்.

பிள்ளைகள் மனத்தில் வைக்க வேண்டிய சில பழக்கங்கள்:

என்ன என்பதை நிரலே சொல்லட்டும். ஏன் என்பதைக் குறிப்பு சொல்லட்டும். நிரல் என்ன செய்கிறது என்றே புரியவில்லை என்றால், குறிப்பு எழுதி ஒட்டுப்போடுவதைவிட நிரலைத் தெளிவாகத் திருத்தி எழுதுவது நல்லது. சி மொழி நூலின் ஆசிரியர்களில் ஒருவரான பிரையன் கெர்னிகன் 1970-களிலிருந்தே வலியுறுத்தும் கருத்து இது.

முயன்று தோற்ற வழியையும் எழுதுங்கள். ‘இதைவிடச் சுலபமான வழி இருப்பதுபோல் தோன்றும். செய்து பார்த்தோம், பெயரில் புள்ளி வந்தால் தவறாகிறது’ என்று ஒரு வரி இருந்தால், அடுத்தவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

நிரலை மாற்றினால் குறிப்பையும் அதே கையோடு மாற்றுங்கள். வரி 6 விழுக்காடு என்று குறிப்பும் 0.08 என்று நிரலும் இருந்தால், எது சரி என்று படிப்பவர் திண்டாடுவார்.

பிறகு செய்ய வேண்டியதை அடையாளத்தோடு எழுதுங்கள். தொழிலில் ‘டூ டூ’, ‘ஃபிக்ஸ் மீ’ என்ற ஆங்கிலச் சொற்களைக் குறிப்பின் தொடக்கத்தில் போடுவது வழக்கம். பிறகு தேடினால் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். எதைச் செய்ய வேண்டும், எப்போது செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பயன்.

பழைய நிரலைக் குறிப்புக் குறிக்குள் அடைத்துப் போட்டு வைக்காதீர்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று விட்ட வரிகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எடுக்கலாமா என்று கேட்க யாருமிருக்க மாட்டார்கள். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ போன்ற கருவிகள் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கின்றன. பழையது வேண்டுமென்றால் அங்கே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கருவியில் மாற்றத்தைப் பதியும்போதும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், எதற்காகத் திருத்தினோம் என்று எழுதுவது அதே நல்ல பழக்கத்தின் தொடர்ச்சி.

கடவுச்சொல், தொலைபேசி எண், வாடிக்கையாளர் விவரம் எதையும் குறிப்பில் எழுதாதீர்கள். இணையப் பக்கங்களில் உள்ள குறிப்புகள் பல நேரம் அப்படியே பயனரின் கணினிக்கும் போய்ச் சேரும். பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால் யாரும் படிக்கலாம். கணினி படிக்காது என்பதற்காக மனிதர் படிக்க மாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். இன்றைய கணினி மொழிகள் யூனிகோட் எழுத்துகளை ஏற்பதால் குறிப்பைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். பைத்தான் 3-இல் மேலே காட்டியதுபோல் பெயர்களைக்கூடத் தமிழில் வைக்க முடியும். வீட்டில் தானாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, தான் புரிந்துகொண்டதைத் தன் மொழியில் எழுதிப் பார்த்தால் எது புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். வேலைக்குப் போகும் இடத்தில் மட்டும், கூட இருக்கும் எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுத வேண்டும். குறிப்பு அடுத்தவருக்காக என்பதால், மொழியையும் அவரை நினைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சில பிள்ளைகள் கேட்கலாம். நிரலைக் கொடுத்தால் வரிக்கு வரி விளக்கம் எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. அவை நிரலில் இருப்பதை விளக்கும். விடுதி முதலாளி ஏன் அந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் 14 நாள் தவணை கொடுத்தார், வரி அதிகாரி தொலைபேசியில் என்ன சொன்னார் என்பதெல்லாம் நிரலில் இல்லை. அது அங்கிருந்தவருக்குத்தான் தெரியும். அவர் எழுதி வைக்காவிட்டால் மனிதருக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. எழுதி வைத்தால் இருவருக்கும் பயன்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தாங்கள் செய்த நிரலைக் காட்டச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. பார்ப்பவர் நிரல் ஓடுகிறதா என்பதோடு, இந்தப் பிள்ளையோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்பதையும் பார்க்கிறார். காரணம் எழுதிய குறிப்பு ஒன்று அதற்கு நல்ல சாட்சி.

பிள்ளை கணினி முன் உட்கார்ந்து நிரல் எழுதுவதைப் பார்க்கும் பெற்றோருக்கு, அந்த மொழி தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘இதை ஏன் இப்படிச் செய்தாய்?’ பிள்ளை சொல்லும் பதில் நன்றாக இருந்தால், அதையே அந்த வரிக்கு மேலே எழுதச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால், அந்த இடத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.